கார் நம்பகத்தன்மை மதிப்பீடுகள்: கொங்கு நாட்டில் அவற்றின் பயனும் எல்லையும்

கார் நம்பகத்தன்மை மதிப்பீடு என்பது, ஒரு மாடல் கார் விற்பனைக்குப் பின் எத்தனை முறை, எந்த அளவுக்குப் பழுதாகிறது என்பதைத் திரட்டி எண்ணாகவோ தரவரிசையாகவோ வெளியிடும் கணக்கு. அமெரிக்காவின் கன்ஸ்யூமர் ரிப்போர்ட்ஸ், ஜே.டி. பவர், ஜெர்மனியின் ஏ.டி.ஏ.சி., டியூவ் ஆகியவை இதை நெடுங்காலமாக வெளியிட்டு வருகின்றன. கோவை, திருப்பூர், ஈரோடு, நாமக்கல், கரூர் அடங்கிய கொங்கு வட்டாரத்தில் கார் வாங்குகிறவர் இவற்றைப் பார்ப்பது குறைவு. தெரிந்த மெக்கானிக், டாக்ஸி ஓட்டுநர், பழைய கார் விற்கும் கன்சல்டிங்காரர் ஆகிய மூவரிடம் கேட்டுவிட்டுத்தான் பெரும்பாலும் முடிவெடுக்கிறார். மிக நல்ல வண்டியையும் மிக மோசமான வண்டியையும் பிரித்துக் காட்டும் வரை அச்சிட்ட மதிப்பீட்டை நம்பலாம். நடுவில் நெருங்கி நிற்கும் வண்டிகளில் எது எட்டாவது, எது பன்னிரண்டாவது என்று அது சொல்வதை நம்பிப் பணம் போடக் கூடாது.

நம்பகத்தன்மையையும் விபத்துப் பாதுகாப்பையும் ஒன்றாக நினைப்பவர்கள் பலர். 2023 ஆகஸ்டில் அறிமுகமாகி அக்டோபர் 1 முதல் நடைமுறைக்கு வந்த பாரத் என்கேப் தரும் நட்சத்திரங்கள், மோதல் சோதனையில் உள்ளே இருப்பவருக்குக் கிடைக்கும் பாதுகாப்பைச் சொல்பவை. ஐந்து நட்சத்திரம் வாங்கிய காரின் கிளட்ச் எத்தனை நாள் வரும் என்பதற்கு அவற்றில் பதில் இல்லை.

எப்படித் திரட்டுகிறார்கள்

கன்ஸ்யூமர் ரிப்போர்ட்ஸ் 1936-ல் தொடங்கிய நுகர்வோர் அமைப்பினுடையது. விளம்பரம் வாங்குவதில்லை. தன் உறுப்பினர்களுக்கு ஆண்டுதோறும் கேள்விகள் அனுப்பி, கடந்த 12 மாதங்களில் வண்டியில் என்ன கெட்டது என்று கேட்கிறது. எஞ்சின், கியர்பாக்ஸ் போன்ற பெரிய பழுதுகளுக்குக் கணக்கில் கூடுதல் எடை உண்டு. 1968-ல் தொடங்கிய ஜே.டி. பவர் வேறு வகை நிறுவனம். அதன் தகவலைக் கார் கம்பெனிகளே விலை கொடுத்து வாங்குகின்றன. விருது பெற்ற கம்பெனி அதை விளம்பரத்தில் போட்டுக்கொள்ளவும் கட்டணம் உண்டு. புதுக் காரின் முதல் 90 நாள் கோளாறுகளை 1987 முதல் கணக்கெடுக்கிறது. மூன்று வயதான கார்களுக்குத் தனிக் கணக்கெடுப்பு நடத்துகிறது. இரண்டிலும் அளவுகோல் 100 வண்டிக்கு எத்தனை கோளாறு என்பதுதான். ஏ.டி.ஏ.சி. 1978 முதல், வழியில் நின்ற வண்டிகளுக்குத் தன் ஆட்கள் போய் உதவியதை வைத்துக் கணக்கு வெளியிடுகிறது. சில கம்பெனிகள் தங்களுக்கென்று சாலை உதவிப் பிரிவு வைத்திருப்பதால், அவற்றின் வண்டிகள் நின்றாலும் எல்லாமே இந்தக் கணக்கில் ஏறுவதில்லை.

எதைக் கோளாறு என்று எண்ணுகிறார்கள் என்பதிலேயே பாதி விஷயம் அடங்கியிருக்கிறது. ஃபோர்டு கம்பெனி ஜே.டி. பவரின் புதுக் கார் தர ஆய்வில் 2010-ல் ஐந்தாம் இடத்தில் இருந்தது. அடுத்த ஆண்டே 23-ஆம் இடத்துக்கு விழுந்தது. அந்த ஓராண்டில் எஞ்சின்கள் கெட்டுப்போய்விடவில்லை. புதிதாக வைத்த தொடுதிரை குழப்புகிறது என்ற புகார்களே முதன்மைக் காரணம். அந்த ஆய்வில் திரை புரியவில்லை என்பதும் ஒரு கோளாறு, கியர்பாக்ஸ் உடைந்தது என்பதும் ஒரு கோளாறு. திரையைப் பற்றிக் கவலைப்படாதவருக்கு அந்த 23-ஆம் இடம் ஒன்றும் சொல்லாது.

எண்களுக்குப் பின்னால் இருக்கும் ஆட்டம்

ஒரு மாடலைப் பற்றி 100 பேர் பதில் சொன்னார்கள், அவர்களின் வண்டிகளில் மொத்தம் 150 கோளாறு என்று வைத்துக்கொள்வோம். கோளாறுகள் தற்செயலாக வருபவை என்று கொண்டால், வேறு 100 பேரிடம் கேட்டிருந்தால் அதே மாடலுக்கு 126-உம் வந்திருக்கலாம், 174-உம் வந்திருக்கலாம். அதாவது ஏற்ற இறக்கம் இருபுறமும் 24. இதைப் பாதியாக்க வேண்டுமானால் 400 பேரைக் கேட்க வேண்டும். நடைமுறையில் ஒரே வண்டியில் பல கோளாறுகள் சேர்ந்து வருவதால் ஆட்டம் இன்னும் பெரிது. ஆகவே 100 பேர் அளவிலான கணக்கெடுப்பில் 140 வாங்கிய காரும் 160 வாங்கிய காரும் வேறு வேறு என்று சொல்ல ஆதாரம் இல்லை; 90 வாங்கியதும் 230 வாங்கியதும் நிச்சயமாக வேறுதான். பத்திரிகையில் அச்சாகும் பட்டியலோ 140-ஐ மூன்றாவது என்றும் 160-ஐ ஒன்பதாவது என்றும் போட்டுவிடுகிறது. எத்தனை பேர் பதில் சொன்னார்கள் என்று மாடல்வாரியாகச் சொல்லாத பட்டியலில் தரவரிசையைப் பார்க்காமல் எண்களின் இடைவெளியை மட்டும் பார்ப்பது நல்லது.

அடுத்தது, பழைய பெயரை வைத்துப் புதிய வண்டியை எடைபோடும் பழக்கம். 2007 வரை டொயோட்டாவின் புது மாடல்களுக்குப் போதிய தகவல் வரும் முன்பே கன்ஸ்யூமர் ரிப்போர்ட்ஸ் நல்ல எதிர்பார்ப்பு மதிப்பெண் கொடுத்துவந்தது. அந்த ஆண்டு ஆறு சிலிண்டர் கேம்ரி உட்படச் சில டொயோட்டா வண்டிகள் சராசரிக்குக் கீழே போனதும் அந்தச் சலுகையை வெளிப்படையாக அறிவித்தே நிறுத்தியது. இப்படித் தன் முறையைத் திருத்திக்கொண்டு, திருத்தியதைச் சொல்லவும் செய்யும் நிறுவனத்தை நம்ப அதுவே ஒரு காரணம். ஏ.டி.ஏ.சி.யில் 2014-ல் நடந்தது இதற்கு நேர் எதிர். ஜெர்மானியர்களுக்குப் பிடித்த கார் என்ற விருதுக்கு வாக்கு எண்ணிக்கையைப் பெருக்கிக் காட்டியது வெளிவந்தது. 3,409 வாக்குகள் பெற்ற காருக்கு 34,299 என்று போட்டிருந்தார்கள். பழுதுக் கணக்கு வேறு, விருது வேறு. ஆனாலும் விருது என்ற சொல் இருக்கும் இடத்தில் கூடுதல் எச்சரிக்கை தேவை என்பதை அந்த விவகாரம் காட்டியது.

ஒரே எஞ்சின், பல பெயர்

இந்தியாவில் கம்பெனிப் பெயரை மட்டும் வைத்து நம்பகத்தன்மையைப் பேசுவதற்குப் பெரிய தடை, ஃபியட்டின் 1.3 லிட்டர் மல்டிஜெட் டீசல் எஞ்சின். 2007-ல் வந்த ஸ்விஃப்ட் டீசலில் அது டி.டி.ஐ.எஸ்., டாடா இண்டிகா விஸ்டாவில் குவாட்ராஜெட், ஃபியட் புன்டோவில் மல்டிஜெட். பிஎஸ்-6 மாசு விதி 2020 ஏப்ரல் 1-ல் வரும்வரை அது ஓடியது. ஸ்விஃப்ட்டுக்கு ஒரு பெயரும் புன்டோவுக்கு வேறு பெயருமாகச் சந்தையில் நின்றதற்கு எஞ்சின் காரணமாக இருக்க முடியாது. உதிரிபாகம் எந்த ஊரில் கிடைக்கிறது, சர்வீஸ் நிலையம் எத்தனை கிலோமீட்டரில் இருக்கிறது என்பவைதான் அந்த வித்தியாசத்தில் பெரும்பகுதி. இன்றைய உதாரணம் மாருதி பலேனோவும் 2019-ல் வந்த டொயோட்டா கிளான்ஸாவும். இரண்டும் ஒரே கார். ஏதாவது ஒரு பட்டியல் இவ்விரண்டுக்கும் நடுவே பெரிய இடைவெளி காட்டினால், அது காரை அளக்கவில்லை. யார் வாங்குகிறார்கள், எந்த டீலர் எப்படிக் கவனிக்கிறார் என்பதையே அளக்கிறது. ஒரு பட்டியலைச் சோதிக்க இதைவிட எளிய வழி கிடையாது.

கொங்கு நாட்டின் ஓட்டம்

ஜே.டி. பவர் 2010-களில் இந்தியாவில் நடத்திய ஆய்வுகள், வாங்கி இரண்டரை முதல் மூன்றரை ஆண்டு ஆன வண்டிகளை முதல் உரிமையாளரிடம் கேட்டன. கொங்கு வட்டாரத்தில் கார் செலவு வைக்கத் தொடங்குவதே அதற்குப் பிறகுதான். டாக்ஸியாக ஓடும் இன்னோவா மூன்று, நான்கு லட்சம் கிலோமீட்டர் போவது இங்கே அதிசயமில்லை. செகண்ட் ஹேண்டில் வாங்குகிறவர் ஆறு முதல் பத்து வயது வண்டியைத்தான் பெரும்பாலும் பார்க்கிறார். அந்த வயதுக்கு அச்சிட்ட மதிப்பீடு இந்தியாவில் இல்லை என்றே சொல்லலாம். ஜெர்மனியில் டியூவ் கட்டாயச் சோதனைகளின் முடிவைத் தொகுத்துப் பத்து வயதுக்கு மேற்பட்ட கார்களையும் மதிப்பிடுகிறது. இங்கே சொந்தக் காருக்கு 15 ஆண்டு முடிந்து பதிவைப் புதுப்பிக்கும்போதுதான் எஃப்.சி. பார்க்கிறார்கள். இடைப்பட்ட காலத்தின் பதிவு பட்டறைகளில் கிடக்கிறது.

ஓட்டும் விதமும் வேறு. ஆழியாறிலிருந்து வால்பாறைக்கு 40 கொண்டை ஊசி வளைவுகள், திம்பம் மலைப்பாதையில் 27, மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூருக்கு 14. வாரம் ஒருமுறை ஏறி இறங்கும் வண்டியின் கிளட்சும் பிரேக்கும் படும் பாடு, அவிநாசி ரோட்டில் மட்டும் ஓடும் அதே வண்டிக்குத் தெரியாது. பிஎஸ்-6 டீசல் கார்களில் புகைக்கரியைப் பிடிக்கும் வடிகட்டி உண்டு; நீண்ட சாலையில் நிதானமான வேகத்தில் போனால் சூடேறித் தானே கரியை எரித்துக்கொள்ளும். காந்திபுரத்துக்கும் ஆர்.எஸ்.புரத்துக்கும் நடுவிலேயே ஓடினால் அடைத்துக்கொண்டு விளக்கு எரியும். சேலம் வரை தினமும் போய்வருகிறவருக்கு அதே கார் தங்கமாக இருக்கும். காங்கேயம், தாராபுரம் பக்கம் போர்வெல்லின் உப்புத் தண்ணீரை ரேடியேட்டரில் ஊற்றி ஓட்டிய வண்டியில் உப்புப் படிந்து எஞ்சின் சூடாகும். தோட்டத்துச் சாளையில் நிறுத்திய காரின் ஒயரை எலி கடிக்கும். இவை எல்லாம் கணக்கெடுப்பில் வெறும் கோளாறு என்றே விழும், காரணம் விழாது.

பட்டறையின் சாட்சியம்

மெக்கானிக்கின் சொல்லுக்கு மதிப்பு உண்டு. எந்த மாடலில் டர்போ எந்த ஓட்டத்தில் போகிறது, எந்தப் பாகத்துக்கு மாற்று மலிவாகக் கிடைக்கிறது என்பதை எந்த ஆய்வைவிடவும் அவர் துல்லியமாகச் சொல்வார். அவருடைய குறை வேறு இடத்தில் இருக்கிறது: அவரிடம் வருவதெல்லாம் கெட்ட வண்டிகள். கெடாமல் ஓடிக்கொண்டிருப்பவை எத்தனை என்று அவருக்குத் தெரிய வழியில்லை. இந்தியாவில் விற்கும் கார்களில் நூற்றுக்கு ஏறத்தாழ நாற்பது மாருதி. ஆகவே எந்தப் பட்டறையிலும் மாருதி நிறைய நிற்கும். அதை வைத்து மாருதி அதிகம் கெடுகிறது என்று சொன்னால் தவறு. ஊரில் நாலே நாலு இருக்கும் ஒரு மாடலில் இரண்டு பட்டறைக்கு வந்தால், அதுதான் கவனிக்க வேண்டிய சேதி.

வகுக்கும் எண், அதாவது மொத்தம் எத்தனை வண்டி எவ்வளவு ஓடுகிறது என்ற கணக்கு, கையில் இருக்கிறவர்கள் வண்டிகளைக் கூட்டமாக வைத்திருப்பவர்கள். நாமக்கல், சங்ககிரி லாரி முதலாளியும் திருச்செங்கோட்டு போர்வெல் ரிக் முதலாளியும் ஒவ்வொரு வண்டிக்கும் டீசல், டயர், உதிரிபாகம், ஓடிய தூரம் என்று தனித்தனியாகக் கணக்கு எழுதுகிறவர்கள். அரசுப் போக்குவரத்துக் கழகங்கள் இதையே முறைப்படி செய்கின்றன. 1972-ல் சேரன் போக்குவரத்துக் கழகமாகக் கோவையில் தொடங்கியது உட்பட நாட்டின் எல்லாக் கழகங்களையும் அளக்கும் அளவைகளில் ஒன்று, 10,000 கிலோமீட்டருக்கு எத்தனை பிரேக்டவுன் என்பது. ஓடிய தூரத்தால் வகுக்கும் இந்த அளவை, 100 வண்டிக்கு இத்தனை என்பதைவிடத் தெளிவானது. வருடம் 8,000 கிலோமீட்டர் ஓடும் காரையும் 60,000 ஓடும் காரையும் ஒரே தட்டில் வைக்காத கணக்கு அது. கார்களுக்கு இப்படி ஒரு கணக்கு வெளியாகாதது பெரிய குறை. கால் டாக்ஸி நிறுவனங்களிடம் அதற்கான தகவல் இருக்கக்கூடும்.

கன்சல்டிங் கடையின் விலையும் ஒருவகை மதிப்பீடுதான். பல பேர் சொந்தப் பணம் போட்டுச் சொன்ன தீர்ப்பு என்பதால் அதற்கு எடை உண்டு. ஆனால் பெயர் விலையை ஏற்றும், விலை பெயரை ஏற்றும். இன்னோவாவின் விலையில் எவ்வளவு எஞ்சினுக்கு, எவ்வளவு பெயருக்கு என்று பிரிக்க முடியாது. குறிப்பிட்ட ஒரு வண்டியை வாங்கும் நேரத்தில் மாடலின் மதிப்பீடு எதுவாக இருந்தாலும் அந்த வண்டியின் நிலைதான் பெரிது. அங்கே அனுபவசாலிகள் செய்வது இதுதான்: எஞ்சின் ஓடும்போது ஆயில் மூடியைத் திறந்து புகை தள்ளுகிறதா என்று பார்ப்பது, மூடியின் அடியில் வெள்ளையாகக் களிம்பு இருக்கிறதா என்று தடவிப் பார்ப்பது, டிக்கித் தரைவிரிப்பைத் தூக்கி வெல்டிங் தடம் தேடுவது, ஸ்கேனர் மாட்டிப் பிழைக் குறிகளைப் படிப்பது, கம்பெனி சர்வீஸ் பதிவில் உள்ள கிலோமீட்டரை மீட்டரோடு ஒப்பிடுவது. மீட்டரைப் பின்னுக்குச் சுற்றிவைப்பது நடக்கும் தொழில் என்பதால் கடைசிச் சோதனையை விடவே கூடாது.

திரும்பப் பெறும் அறிவிப்புகள்

கம்பெனி தன் குறையைத் தானே ஒப்புக்கொள்ளும் ஆவணம் ரீகால் அறிவிப்பு. இந்தியாவில் 2012 முதல் தாமாக முன்வந்து செய்யும் முறை இருந்தது. மோட்டார் வாகனச் சட்டத்தின் 2019 திருத்தத்தைத் தொடர்ந்து, 2021 ஏப்ரல் 1 முதல் புகார்கள் குறிப்பிட்ட அளவைத் தாண்டினால் ஏழு வயதுக்கு உட்பட்ட வண்டிகளைக் கட்டாயமாகத் திரும்பப் பெற உத்தரவிடவும், அபராதம் விதிக்கவும் விதி வந்தது. 2021 செப்டம்பரில் மாருதி, 2018 மே 4 முதல் 2020 அக்டோபர் 27 வரை தயாரான சியாஸ், எர்டிகா, பிரெஸ்ஸா, எஸ்-கிராஸ், எக்ஸ்எல்6 பெட்ரோல் வண்டிகள் 1,81,754-ஐ மோட்டார் ஜெனரேட்டர் பாகத்தைச் சோதிக்கத் திரும்ப அழைத்தது. எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதி வரை, எந்தப் பாகம் என்று இவ்வளவு துல்லியமாக எந்தத் தரவரிசையும் சொல்வதில்லை. ரீகால் செய்த கம்பெனியை மோசம் என்று ஒதுக்குவது அவசரம்; செய்யாத கம்பெனியின் வண்டியில் குறை இல்லை என்றும் ஆகாது. பழைய வண்டி வாங்குகிறவர் சேஸிஸ் எண்ணைக் கம்பெனி இணையதளத்தில் போட்டு, அந்த வேலை முடிந்துவிட்டதா என்று பார்த்துக்கொள்ளலாம்.

மின்சாரக் கார்களுக்கு இந்த ஆதாரங்களும் இன்னும் சேரவில்லை. அவற்றில் பெரும் செலவு பேட்டரி; அது தேய்வதை மூன்றாண்டுக் கணக்கெடுப்பு பிடிக்காது, பட்டறைகளிலும் போதிய அனுபவம் இல்லை. டாடா நெக்ஸான் இ.வி. 2020 ஜனவரியில் வந்தபோது பேட்டரிக்கும் மோட்டாருக்கும் எட்டு ஆண்டு அல்லது 1,60,000 கிலோமீட்டர் உத்தரவாதம் கொடுத்தார்கள். தூரம் அதற்குள் முடியாத முதல் வண்டிகளுக்கு அது 2028-ல்தான் தீர்கிறது.