எல்லா டெஸ்ட்டும் பாஸ், நத்தை மட்டும் ஃபெயில்

நம்ம பொழப்புல ஒரு கொடுமை உண்டு மக்களே. எழுதி வைத்த டெஸ்ட் கேஸ் அத்தனையும் பாஸ் ஆகும். நம்பி ரிலீஸ் பண்ணினால் மூன்றாம் நாள் ராத்திரி இரண்டு மணிக்கு போன் வரும். போன மாதம் எனக்கு வந்தது. மெமரி கொஞ்சம் கொஞ்சமாகக் கசிந்து சர்வர் படுத்துவிட்டது. எங்கள் டெஸ்ட் ஓடுவதோ பத்தே நிமிஷம்! அந்தக் கடுப்பில் ஞாபகம் வந்த கதை இது.

கப்பலின் அடியில் பாசியும் கொட்டலசும் ஒட்டிக்கொண்டால் வேகம் குறையும், எண்ணெய்ச் செலவு எகிறும். அதற்காக 1960களில் பெயிண்டில் கலக்க ஆரம்பித்த சரக்குதான் ட்ரைபியூட்டைல்டின், சுருக்கமாக டிபிடி. விஷம்னு தெரிந்துதான் கலந்தார்கள். கடல் எவ்வளவு பெரிசு, கரைந்து காணாமல் போயிடும்னு ஒரு நம்பிக்கை.

முதலில் அடி வாங்கியது பிரான்சின் ஆர்க்காஷோன் விரிகுடா. சிப்பி வளர்ப்புக்குப் பேர் போன ஊர். 1970களின் கடைசியில் அங்கே குஞ்சுச் சிப்பிகள் பிழைக்கவில்லை. வளர்ந்ததும் ஓடு தடித்து, உருண்டு, விற்க லாயக்கில்லாமல் போனது. க்ளோத் அல்சியூ முதலான ஆய்வாளர்கள் படகுப் பெயிண்டைக் கைகாட்டினார்கள். 1982ல் பிரான்ஸ், 25 மீட்டருக்குக் குறைவான படகுகளில் டிபிடி பெயிண்டுக்குத் தடை போட்டது. குஞ்சுகள் மறுபடி பிழைத்தன.

இங்கிலாந்தின் பிளிமத் கரையில் நடந்தது இன்னும் விசித்திரம். 1970ல் ஸ்டீபன் பிளேபர் என்ற ஆய்வாளர், பெண் நத்தைகளுக்கு ஆணுறுப்பு முளைத்திருப்பதைப் பார்த்தார். ஏன்னு அப்போது புரியவில்லை. 1986ல் பிரையன், கிப்ஸ் குழுதான் அதை டிபிடியோடு முடிச்சுப் போட்டது. முளைத்த குழாய் முட்டை வரும் வழியை அடைத்துவிடும். முட்டை வெளியே வராமல் தாய் நத்தை சாகும். அடுத்த தலைமுறையே கிடையாது.

இதில் அளவுதான் தூக்கிவாரிப் போடும். லிட்டருக்கு ஒரு நானோகிராம் அளவிலேயே பாதிப்பு தெரிந்தது. 25 லட்சம் லிட்டர் பிடிக்கும் நீச்சல் குளங்கள் 400ல் மொத்தமாக ஒரே ஒரு கிராம்!

மீனை வைத்துச் செய்யும் வழக்கமான சோதனையின் கேள்வி, 96 மணி நேரத்தில் பாதி மீன் சாக எவ்வளவு விஷம் வேண்டும் என்பது. டிபிடிக்கு அதன் விடை லிட்டருக்குச் சில மைக்ரோகிராம். அதாவது நத்தையின் அளவைப் போல ஆயிரம் மடங்குக்கும் மேல். சோதனை பொய் சொல்லவில்லை. செத்துச்சானு கேட்டார்கள், பதில் சொன்னது. குட்டி போடுமா, அதன் பரம்பரை நிலைக்குமானு யாரும் கேட்கவில்லை.

பிரிட்டன் 1987ல் சின்னப் படகுகளுக்குத் தடை போட்டது. பெரிய கப்பல்களுக்கான உலக உடன்படிக்கை 2001ல் ஏற்கப்பட்டு, 2008 செப்டம்பரில்தான் அமலுக்கு வந்தது. பிளேபர் பார்த்து 38 வருஷம்! இந்த நத்தைக் குஞ்சுகள் கடலில் மிதந்து போகாது, ஊர்ந்துதான் போகும். அதனால் அழிந்த பாறையில் மறுபடி குடியேறவே வருஷக்கணக்காகும். ஆனாலும் பல கரைகளில் திரும்பி வந்துவிட்டன. துறைமுகச் சேற்றில் படிந்த டிபிடி மட்டும் சாமானியமாகப் போகாது.

இப்போ எங்கள் டீமில் ஒரு டெஸ்ட் மூன்று நாள் ஓடுகிறது. மேனேஜர் முறைக்கிறார். முறைக்கட்டும். நத்தை கதையை அவருக்கும் சொல்லணும்.