பழைய ஹைபிரிட் கார் வாங்குகிறீர்களா? முதலில் பேட்டரியைப் பாருங்கள்

2011 முதல் 2013 வரை ஹைபிரிட் கார்களுக்கு அரசாங்கம் வரிவிலக்கு அளித்தபோது டொயோட்டா பிரியஸ், பிரியஸ் சி, ஹோண்டா இன்சைட், ஜாஸ் ஹைபிரிட் போன்றவை நம் நாட்டுச் சாலைகளில் பெருகின. அவை இன்று பழைய கார் கடைகளில் மலிவாகக் கிடைக்கின்றன. மலிவுக்கு முக்கியக் காரணம் வயதான பெரிய பேட்டரி. அதை மாற்ற ஆயிரக்கணக்கான ரிங்கிட் ஆகும்.

"புஸ்பாகோம் பாஸ் ஆன கார்" என்று விற்பவர் சொல்வார். உரிமை மாற்றத்திற்கான பி5 சோதனை எஞ்சின் எண், சேசிஸ் எண் போன்றவற்றைச் சரிபார்ப்பதற்கானது. பேட்டரியின் ஆயுளை அது சொல்லாது.

காரைக் காலையில், எஞ்சின் சூடேறும் முன் போய்ப் பாருங்கள். பிரியஸ் என்றால் ஏர்கோனைப் போட்டு நிறுத்தியபடியே விடுங்கள். நல்ல பேட்டரி சில நிமிடங்களாவது தாங்கும்; எஞ்சின் அடிக்கடி தானாக ஓடத் தொடங்கினால் சந்தேகப்படுங்கள். பிறகு மேடுள்ள சாலையில் அரைமணி நேரமாவது ஓட்டுங்கள். மேட்டில் பேட்டரிக் கோடுகள் மளமளவென இறங்கி, இறக்கத்தில் அதே வேகத்தில் நிறைந்தால் பேட்டரி தளர்ந்துவிட்டது. பின்பக்க விசிறி ஓயாமல் இரைவதும் நல்ல அறிகுறியல்ல. பின் இருக்கை ஓரத்திலுள்ள காற்றுத் துவாரத்தையும் பாருங்கள். அங்கே தூசி அடைத்தால் பேட்டரி சூடேறிக் கெடும். பலர் அதன்மேல் துணிப்பையை வைத்துவிடுகிறார்கள்!

எச்சரிக்கை விளக்கு எரியவில்லை என்பதை மட்டும் நம்ப வேண்டாம். பிழைக் குறியீட்டை ஸ்கேன் கருவியால் அழித்துவிட்டு, அன்றே காரைக் காட்டுவோரும் உண்டு. நீண்ட ஓட்டம் இதற்காகத்தான். ஹைபிரிட் தெரிந்த பட்டறைக்காரரிடம் ஸ்கேன் செய்யச் சொல்லுங்கள். மூன்றாம் தலைமுறை பிரியஸின் 28 மோடியூல்களும் 14 தொகுதிகளாகக் காட்டும். ஓட்டும்போது ஒரு தொகுதியின் வோல்டேஜ் மட்டும் மற்றவற்றைவிடத் தாழ்ந்தால் பேட்டரிக்கு ஆயுள் குறைவு. "பேட்டரி மாற்றியாச்சு" என்றால் ரசீதைக் கேளுங்கள். ஓரிரு மோடியூலை மட்டும் மாற்றியிருந்தால் மீதியும் விரைவில் படுக்கும்.

வெள்ளத்தில் மூழ்கிய ஹைபிரிட் வேண்டவே வேண்டாம். 2021 டிசம்பர் வெள்ளத்தில் ஷா ஆலாம், கிள்ளான் பகுதிகளில் ஏராளமான கார்கள் மூழ்கின. சீட் பெல்ட்டை முழுதாக இழுத்தும், ஸ்பேர் டயர் குழியிலும் சேற்றுக் கறை இருக்கிறதா என்று பாருங்கள். ஆரஞ்சு நிறக் கம்பிகளை மட்டும் தொடாதீர்கள். அவற்றில் உயிரைப் பறிக்கும் மின்சாரம் ஓடும்.

12 வோல்ட் சிறிய பேட்டரி பலவீனமானாலும் பல விளக்குகள் எரியும். அது பெரிய செலவல்ல, அதைக் காட்டி விலை பேசலாம். ஸ்கேன் முடிவதற்குள் முன்பணம் கொடுக்காதீர்கள். ஸ்கேனுக்கு விற்பவர் சம்மதிக்காவிட்டால் வேறு கார் பாருங்கள்.