மறதிநோயும் அமெரிக்கச் சட்டமும்

முதுமை வந்தால் மறதியும் வரும் என்றே உலகம் நெடுங்காலம் எண்ணியிருந்தது. அவ்வெண்ணத்தை 1906-ஆம் ஆண்டில் அலோய்சு அல்சைமர் என்னும் செருமானிய மருத்துவர் அசைத்தார். நினைவிழந்து மாண்ட ஒரு பெண்மணியின் மூளையை ஆராய்ந்து, அதில் கண்ட மாற்றங்களை அவர் எடுத்துரைத்தார். எனினும், அரசுகள் விழித்தெழப் பல்லாண்டுகள் சென்றன.

அமெரிக்காவில் 1974-இல் தேசிய முதுமை ஆய்வுக் கழகம் நிறுவப்பெற்றது. 1983-இல் அதிபர் ரொனால்டு ரீகன் நவம்பர்த் திங்களை அல்சைமர் நோய்க்குரிய திங்களாக அறிவித்தார். பதினோராண்டுகளுக்குப் பின், 1994-இல், அதே நவம்பரில், அந்நோய் தம்மையே பற்றியதை அவர் தம் கைப்பட எழுதி நாட்டு மக்களுக்குத் தெரிவித்தார்.

தேசிய அல்சைமர் திட்டச் சட்டம் 2011 சனவரி 4-ஆம் நாள் ஒப்பமிடப்பெற்றது. அதன்படி 2012-இல் வெளிவந்த திட்டம், 2025-க்குள் நோயைத் தடுக்கவும் திறம்பட மருத்துவம் செய்யவும் வழி காண்பதை முதல் இலக்காக வகுத்தது. ஆராய்ச்சிக்கான ஆண்டு நிதி பின்னர் 300 கோடி டாலரைக் கடந்தது. 2023-இல் முழு ஒப்புதல் பெற்ற லெக்கனமாப் மருந்து, தொடக்க நிலையில் நோயின் வேகத்தைத் தணிக்கிறது, நோயைப் போக்கவில்லை. 2025-இல் முடிவுற வேண்டிய சட்டம், 2024-இல் 2035 வரை நீட்டிக்கப்பெற்றது. இல்லத்தில் நோயாளரைப் பேணுவோர்க்குப் பயிற்சியும் ஓய்வும் அளிக்கும் எட்டாண்டுத் திட்டமும் அவ்வாண்டே தொடங்கிற்று.

குறித்த காலத்தில் கைகூடாத இலக்கு வீண் என்பாரும் உளர். நோய் தீரும் நாளைச் சட்டத்தால் குறிக்க இயலாதுதான். ஆயினும், நினைவிழந்தோரை நாடு மறவாதிருக்கச் சட்டமே துணையாகும்.