அட்டையில் அச்சிட்ட வேகம்

கைப்பேசியில் செருகுகிறோமே, விரல் நகமளவு மெமரி கார்டு, அதன் கதையில் பினாங்குக்கும் பங்குண்டு.

1969-இல் ஜார்ஜ் டவுன் தீர்வையற்ற துறைமுகம் என்ற தகுதியை இழந்தது. வேலையின்றித் தவித்த மாநிலத்தில் 1972-இல் பாயான் லெப்பாஸ் வயல்வெளியில் மின்னணுத் தொழிற்சாலைகள் எழும்பின. இன்டெல் அவ்வாண்டே வந்தது. தோட்டத்துப் பெண்பிள்ளைகளும் அத்தொழிற்சாலைகளுக்கு வேலைக்குப் போனார்கள். நம் முன்னோர் 19-ஆம் நூற்றாண்டில் கரும்பு வெட்டிய பத்து காவானில் இன்று மைக்ரோன், சான்டிஸ்க் ஆலைகள் இயங்குகின்றன.

ஃபிளாஷ் நினைவகத்தைக் கண்டவர் ஜப்பானின் தோஷிபா நிறுவனத்துப் பொறியாளர் ஃபுஜியோ மசுவோகா. 1984-இல் உலகுக்கு அறிவித்தார். படக்கருவியின் மின்வெட்டுப் போல் நொடியில் அழிப்பதால் அந்தப் பெயர். அந்த அழிப்பில்தான் சிக்கலும் இருக்கிறது. எழுதிய இடத்தின்மேல் மறுபடி எழுத முடியாது. ஓர் எழுத்தை மாற்ற முழுச் சிலேட்டையும் துடைப்பதுபோல், ஒரு தொகுதியையே அழித்த பிறகுதான் எழுத வேண்டும். ஆகவே படிப்பது விரைவு, எழுதுவது தாமதம்.

விற்பவர்கள் எந்த வேகத்தை அச்சிடுவார்கள்? கேட்கவும் வேண்டுமா! தொடக்கத்தில் 40 மடங்கு, 80 மடங்கு என்று போட்டார்கள். ஒரு மடங்கு என்பது குறுந்தட்டுக் கணக்கில் நொடிக்கு 150 கிலோபைட். 40 மடங்கு, 6 மெகாபைட். பெரும்பாலும் அது படிக்கும் வேகம். அதுவும் உச்ச வேகம். பால் வெட்டியவருக்கு இது புதிதல்ல. வாளி நிறைய பால் இருந்தாலும் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குதானே ரப்பர். மிச்சம் பெரும்பாலும் தண்ணீர். அட்டையின் மேலுள்ள எண் வாளியின் எடை.

கோயில் திருவிழாவைப் படமெடுக்கையில் பதிவு பாதியில் நிற்பதுண்டு. அடுத்த ஆண்டு அந்தத் தோட்டமே இருக்குமோ என்னவோ. போன காட்சி போனதுதான்.

எஸ்டி அட்டை 1999-இல் அறிவிக்கப்பட்டது. 2006-இல்தான் அதன் சங்கம் வேக வகுப்புகளை வகுத்தது. வட்டத்துக்குள் 10 என்றிருந்தால், எழுதும் வேகம் நொடிக்கு 10 மெகாபைட்டுக்குக் குறையாது. 'யு' எழுத்துக்குள் 3 என்றால் 30 மெகாபைட். பெரிய எழுத்தில் உள்ள 170-ஐ விட்டுவிட்டு இந்தச் சின்னக் குறியைப் பாருங்கள். அந்த 170-ஐப் பெற அதற்கேற்ற படிப்பான் கருவியும் தேவை. பழைய யுஎஸ்பி 2.0 செருகியில் 40-ஐத் தாண்டுவதே அரிது.

போலி அட்டையாக இருந்தால் குறியும் பொய்யாகலாம். ஆகவே ரசீதை வைத்திருங்கள். அதே 1999-இல் பிறந்த பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் நடுவர் மன்றம் இருக்கிறது. வழக்கறிஞர் வைக்காமலே நாமே முறையிடலாம். 2019 முதல் 50,000 ரிங்கிட் வரையிலான கோரிக்கையை அது விசாரிக்கும். முப்பது ரிங்கிட் அட்டைக்கும் அதே கதவுதான்.