ஹனிபா, நாகூர் ஈ. எம். (1925–2015)

இஸ்மாயில் முஹம்மது ஹனிபா, 'இசைமுரசு' என்ற அடைமொழியால் அறியப்பட்ட தமிழ்ப் பாடகர். 1925 டிசம்பர் 25 அன்று இராமநாதபுரத்தில் பிறந்தார். குடும்பம் நாகூரைச் சேர்ந்தது என்பதால் ஊர்ப்பெயரே அவருக்கு முதற்பெயராயிற்று. திருமண வீடுகளிலும் மீலாத் மேடைகளிலும் இளமையிலேயே பாடத் தொடங்கியவர், இஸ்லாமிய பக்திப் பாட்டை இசைத்தட்டில் ஏற்றி, தமிழ் பேசும் முஸ்லிம்கள் எங்கெல்லாம் வாழ்ந்தார்களோ அங்கெல்லாம் கொண்டு சேர்த்தார். தமிழ்நாட்டில் எழுதப்படும் குறிப்புகள் அவரைத் திராவிட முன்னேற்றக் கழகத்தின் பிரசாரப் பாடகராகவே பெரும்பாலும் முன்னிறுத்துகின்றன. அது தவறில்லை, ஆனால் பாதிதான். இலங்கையின் அம்பாறைக் கரையோரம், மருதமுனையிலிருந்து கல்முனைக்குடி, சாய்ந்தமருது, நிந்தவூர் வழியாக அக்கரைப்பற்று, பொத்துவில் வரை நீளும் முஸ்லிம் ஊர்கள், அவரைக் கட்சிக்காரராக அறிந்ததைவிட நோன்புக்காலக் குரலாகவே அதிகம் அறிந்தன. ஒரு பாடகரின் இடத்தைக் கணிக்க அவர் பிறந்த நாட்டைவிட அவரைக் கேட்ட நாடு சில வேளைகளில் நல்ல சான்று. அந்த வழியில் பார்த்தால், ஹனிபா புதிதாக ஒன்றை இக்கரைக்குக் கொண்டுவரவில்லை. ஏற்கெனவே இங்கே இருந்த கூட்டுப்பாடல் மரபுக்கு ஒலிபெருக்கியில் நிற்கக்கூடிய குரலைக் கொடுத்தார். அவருடைய நீடித்த செல்வாக்குக்கு அதுவே முதற்காரணம்.

நாகூருக்கும் இக்கரைக்கும் இடையிலான தொடர்பு இசைத்தட்டு வருவதற்கு மிக முன்பே, கடல்வழியில் தொடங்கியது. நாகூரில் அடக்கமாகியிருக்கும் சாகுல் ஹமீது வலியார் பதினாறாம் நூற்றாண்டைச் சேர்ந்தவர். வடஇந்தியாவின் மாணிக்கப்பூரிலிருந்து வந்தவர் என்றும், பயணங்களில் இலங்கைக்கும் வந்தவர் என்றும் ஐதீகம் சொல்லும். கப்பலோட்டிகளையும் வணிகர்களையும் காப்பவராக அவரைக் கருதியதால், சோழமண்டலக் கரையின் மரைக்காயர் போன இடமெல்லாம் அவர் பெயரில் நினைவிடம் எழுந்தது. பினாங்கில் ஒன்று பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வந்தது. சிங்கப்பூரில் 1828க்கும் 1830க்கும் இடையில் இன்னொன்று கட்டப்பட்டது. கல்முனைக்குடியின் கடற்கரைப் பள்ளி இதே சங்கிலியின் கண்ணி. வலியாரின் உடல் இங்கே இல்லை, ஆனால் ஜமாதுல் ஆகிர் மாதத்தில் நாகூரில் கொடி ஏறும்போது இங்கும் கொடி ஏறும். கந்தூரிச் சோறு உண்டு. மணலில் கடைகள் பரவும். அயலூர்களிலிருந்து குடும்பம் குடும்பமாக வருவார்கள். நாகூர் தர்காவின் ஐந்து மினாராக்களில் மிக உயர்ந்ததை, 131 அடி உயரமானதை, கட்டிக்கொடுத்தவர் தஞ்சை மராத்திய மன்னர் பிரதாப்சிங், ஓர் இந்து. கல்முனைக்குடிக் கொடியேற்றத்துக்கும் சுற்றுவட்டத் தமிழ் இந்துக்கள் நேர்த்தி வைத்து வந்த காலம் உண்டு. ஆகவே 'நாகூர்' என்ற முன்னொட்டோடு ஒரு பாடகரின் பெயர் இக்கரையில் ஒலித்தபோது, அது அந்நிய ஊரின் பெயராக யாருக்கும் படவில்லை.

இதைவிட முக்கியமானது கேட்கும் பழக்கம். கிழக்கிலங்கை முஸ்லிம்களின் வாழ்க்கையில் பாட்டு தனித்த கலையாக நின்றதில்லை. வேலையோடும் சடங்கோடும் கூடியே இருந்தது. றபீஉனில் அவ்வல் மாதத்தில் சுப்ஹான மவ்லிது ஓதுவார்கள். ஒருவர் அடியெடுக்க, இருந்தவர் அனைவரும் பைத்தைத் திருப்பிச் சொல்வார்கள். கரைவலை இழுக்கும்போது அம்பாப் பாட்டு: ஒருவன் சொல்லை வீச, கயிற்றைப் பிடித்த கூட்டம் பதில் கொடுத்துக்கொண்டே வலையைக் கரைக்குக் கொண்டுவரும். பொல்லடியில் அண்ணாவியார் பாடுவார், கம்பு பிடித்தவர்கள் வட்டமாகச் சுழன்றபடி ஏற்றுப் பாடுவார்கள். பக்கீர் பாவாமார் றாத்திபில் றபான் அடித்துத் திக்ரை உயர்த்துவார்கள்; நோன்புக்காலத்தில் அதே றபானோடு தெருவில் நடந்து ஸஹருக்கு எழுப்புவார்கள். வயலிலும் வீட்டிலும் பெண்களும் ஆண்களும் கட்டிய நாலடிக் கவிகள் தனி உலகம், நிந்தவூர் எஸ். முத்துமீரான் அவற்றைத் தேடித் தொகுத்திராவிட்டால் பலவும் அவற்றைப் பாடிய மூதாட்டிகளோடு போயிருக்கும். இத்தனையிலும் பொதுவாக ஓடும் அமைப்பு ஒன்றே: முன்பாட்டு ஒருவருடையது, பின்பாட்டு எல்லோருடையதும். உமறுப் புலவரின் சீறாப்புராணத்தை விளங்கிக்கொள்ள உரைகாரர் வேண்டும். குணங்குடி மஸ்தான் சாகிபின் பாடலுக்கு ஞானப்பழக்கம் வேண்டும். பைத்துக்கும் அம்பாவுக்கும் காதும் தொண்டையும் போதும்.

ஹனிபாவின் இசைத்தட்டுகளைக் கேட்டுப் பார்த்தால் பைத்து, அம்பா வகையின் இலக்கணமே அவற்றில் தெரியும். பல்லவி சிறியது, ஒருமுறை கேட்டாலே வாயில் நிற்கும். ஹனிபா அதை உச்சத்தில் எடுத்துக் கொடுப்பார், பின்னணிக் குழு ஏற்கும், அடுத்த வரிக்கு அவர் இன்னும் மேலே ஏறுவார். கமகம் குறைவு, சொல் ஒவ்வொன்றும் வெட்டியெடுத்ததுபோல் விழும். முறையாகச் சங்கீதம் பயின்றவரல்லர் என்பதைக் குறையாகச் சொல்பவர்கள் இங்கேதான் இடறுகிறார்கள். சபாவில் உட்கார்ந்திருக்கும் இருநூறு பேருக்கான குரல் அல்ல அது. ஒலிபெருக்கி நம்பகமில்லாத காலத்தில், திறந்த மைதானத்தின் கடைசி வரிசைக்குச் சொல் போய்ச் சேர வேண்டும் என்ற தேவையில் உருவான குரல். கிளியனூர் ஆர். அப்துல் சலாம் எழுதிய 'இறைவனிடம் கையேந்துங்கள்' அவருடைய பாடல்களில் மிகப் பரவலாக அறியப்பட்டது. அதில் எந்த வலியாரும் வரவில்லை, எந்த ஊரும் வரவில்லை. முஸ்லிம் அல்லாதவர்களும் அதைத் தயக்கமின்றிப் பாடுவதற்கும், பின்னாளில் தர்காப் பாடல்களை விலக்கிவைத்தவர்கள் அதை மட்டும் விலக்காததற்கும் காரணம் அதுவே.

இந்தக் குரலை அம்பாறைக் கரைக்குக் கொண்டுவந்தது வானொலி. 1949 முதல் இலங்கை வானொலி என்றும், 1967 முதல் இலங்கை ஒலிபரப்புக் கூட்டுத்தாபனம் என்றும் இயங்கிய நிலையத்தின் முஸ்லிம் நிகழ்ச்சிகள் நோன்பு மாதத்தில் வீட்டுக்கு வீடு கேட்கப்பட்டன. நோன்பு திறக்கும் நேரத்துக்காகக் காத்திருக்கும் அந்தக் கடைசி அரை மணித்தியாலத்தில் வரும் இஸ்லாமிய கீதங்களில் ஹனிபாவுக்கு நிலையான இடம் இருந்தது. பெருநாள், சுன்னத்துக் கல்யாணம், பள்ளித் திறப்பு என்று ஒலிபெருக்கி கட்டிய இடங்களுக்கு இசைத்தட்டும் பின்னர் கசெட்டும் வந்தன. மலேசியா, சிங்கப்பூரைப் போல இலங்கைக்கும் ஹனிபா பாட வந்திருக்கிறார். ஆனால் மேடையில் நேரில் கேட்டவர்களைவிட வானொலியில் கேட்டவர்கள் பல மடங்கு.

ஹனிபாவை இப்படி மதிப்பிடுவதற்கு எதிராக மூன்று வாதங்கள் வைக்கப்படுவதுண்டு. முதலாவது, இந்த வகைப் பாடல்கள் பலவும் சினிமா மெட்டில் அமைந்தவை, ஆகவே பக்தியும் இரவல், இசையும் இரவல் என்பது. மெட்டு இரவல் என்பது பல பாடல்களுக்குப் பொருந்தும், மறைக்க ஒன்றுமில்லை. ஆனால் மெட்டை இரவல் வாங்காத பக்தி இயக்கம் எது? ஹனிபாவின் ஊருக்குப் பக்கத்துத் தஞ்சையில் வேதநாயக சாஸ்திரியார் (1774–1864), அரசவையிலும் தெருவிலும் புழங்கிய இசை வடிவங்களில்தான் கிறிஸ்தவக் கீர்த்தனைகளைக் கட்டினார். அமெரிக்காவில் 1969ஆம் ஆண்டு லாரி நார்மன் ஏசுவைப் பற்றி ராக் இசையில் ஓர் இசைத்தட்டு வெளியிட்டபோது, இது சாத்தானின் இசை என்று பல தேவாலயங்கள் முகம் சுளித்தன. இன்று அவர் கிறிஸ்தவ ராக் இசையின் முன்னோடியாக எண்ணப்படுகிறார். சேலத்தில் பிறந்த முஸ்லிமான மொஹிதீன் பேக், 1947இல் வந்த 'அசோகமாலா' முதல் சிங்களத் திரையில் பாடியவர், பௌத்த பக்திப் பாடல்களால் சிங்களவர் வீடுகளில் இடம்பிடித்தார். வெசாக் மாதத்தில் அவர் குரலை யாரும் மதம் கேட்டு நிறுத்தவில்லை. கேட்பவரின் காது ஏற்கெனவே பழகிய ஒலியில் புதிய சொல்லை வைப்பதுதான் வெகுசன பக்தி இசையின் வழி. ஹனிபாவிடம் அந்த வழி வெளிப்படையாகத் தெரிகிறது, அவ்வளவே.

இரண்டாவது வாதம் கனமானது. மார்க்க அடிப்படையில் வருவது. இசைக்கருவி கூடாது, வலிமாரை விளித்துப் பாடுவது இணைவைப்பு என்று தௌஹீத் சிந்தனையினர் சொல்கிறார்கள். 1980களுக்குப் பிறகு கிழக்கிலும் இந்தக் குரல் வலுத்தது. கொடியேற்றம், கந்தூரி, றாத்திபு மூன்றும் கேள்விக்குள்ளாயின. மார்க்கத் தீர்ப்பு உலமாக்களின் வேலை. ஆனால் வரலாற்றுக் கூற்று ஒன்று இந்த வாதத்தோடு சேர்ந்தே வருகிறது: இவை பாமரரிடம் பிற்காலத்தில் ஒட்டிக்கொண்ட கலப்படம், உண்மையான முஸ்லிம் வாழ்வின் பகுதி அல்ல என்பது. அது நிற்காது. மவ்லிதும் பைத்தும் றாத்திபும் இக்கரையின் பள்ளிகளைச் சுற்றியே தலைமுறைகளாக வளர்ந்தவை. அவற்றை ஓதியவர்களில் லெப்பைமாரும் ஆலிம்களும் இருந்தார்கள். ஹனிபாவின் பாடல்களில் ஒரு பகுதி தர்கா மரபைச் சேர்ந்தது, ஒரு பகுதி நேரே இறைவனையும் நபியின் வாழ்வையும் நோக்கியது. சர்ச்சை முதல் பகுதியைக் குறைத்தது; இரண்டாம் பகுதியைத் தொடவில்லை. ஒரே பாடகரின் தொகுதியை ஒரு சமூகம் இப்படிப் பிரித்து வைத்துக்கொண்டது, அவரை நிராகரித்ததற்கான சான்றாகாது.

மூன்றாவது, கிழக்குக்குச் சொந்தக் கவிஞர்கள் இருக்கும்போது இந்தியப் பாடகர் ஒருவரை ஏன் நடுவில் நிறுத்த வேண்டும் என்ற கேள்வி. மருதமுனையின் புலவர்மணி ஆ. மு. ஷரிபுத்தீன், மருதூர்க் கொத்தன், மருதூர்க்கனி, கல்முனைக்குடியில் 1944இல் பிறந்த எம். ஏ. நுஃமான் என்று நீளும் எழுத்து மரபு இக்கரையுடையது. இலக்கியத்தில் ஹனிபாவை அவர்களுக்குப் பக்கத்தில் வைக்க யாரும் முயலவில்லை. ஆனால் அவர்கள் எழுதியது படிப்பவருக்கு. ஹனிபா போய்ச் சேர்ந்தவர்களில் எழுத்தறியாதவர்கள் ஏராளம். நெசவுத் தறியில் இருந்தபடியே, வலை பின்னியபடியே கேட்டார்கள். இன்னொன்றும் உண்டு. ஹனிபாவின் மறுபாதி, அதாவது கழகப் பாடகர் என்ற பாதி, இக்கரைக்கு ஏறக்குறைய வரவேயில்லை. 1953 கல்லக்குடிப் போராட்டத்துக்குப் பின் கருணாநிதியைப் புகழ்ந்து அவர் பாடிய பாடல் தமிழ்நாட்டுத் தேர்தல் மேடைகளில் பல பத்தாண்டுகள் ஒலித்தது. இலங்கைத் திமுகவுக்கோ மலையகத்திலும் கொழும்பிலுமே ஆள்பலம் இருந்தது, அதுவும் 1962இல் தடைசெய்யப்பட்டது. கிழக்கு முஸ்லிம்களுக்கு அந்தப் பாடல்களின் அரசியல் தொலைவானது. எடுத்துக்கொள்ள வேண்டியதை எடுத்து, மற்றதை விட்டார்கள். இரவல் வாங்குபவன் இப்படித் தேர்ந்து வாங்குவதில்லை. தன் தேவை தெரிந்தவனே அப்படிச் செய்வான். ஸ்ரீலங்கா முஸ்லிம் காங்கிரஸ் 1981இல் தோன்றிய பின், தேர்தல் காலத்தில் இவ்வூர்களில் ஒலிபெருக்கியில் வந்த கட்சிப் பாட்டுகளும் அதே முன்பாட்டு–பின்பாட்டு அமைப்பில் இருந்தன. தலைவர் எம். எச். எம். அஷ்ரஃப் தாமும் கவிஞர் என்பது தற்செயலாக இருக்கலாம். பாட்டும் கட்சியும் சேரும் வித்தையை ஹனிபாவிடமிருந்து இக்கரை நேரடியாகக் கற்காவிட்டாலும், அந்த வித்தைக்கான காது இரண்டு கரையிலும் ஒன்றாகவே இருந்தது.

திரைப்படத்தில் ஹனிபா பாடியவை சிலவே. 1961இல் வெளிவந்த 'பாவமன்னிப்பு' படத்தில் விசுவநாதன்–ராமமூர்த்தி இசையில் டி. எம். சௌந்தரராஜனோடு பாடிய பெருநாள் பாடல் இன்றும் தமிழ்த் திரையின் முஸ்லிம் பாடல்களில் முதலாக நினைக்கப்படுகிறது. இளையராஜா இசையில் 'செம்பருத்தி' (1992), 'ராமன் அப்துல்லா' (1997) படங்களுக்கும் பாடினார். பின்னதை இயக்கிய பாலு மகேந்திரா, கல்முனைக்கு வடக்கே மட்டக்களப்பின் அமிர்தகழியில் பிறந்தவர். திரையில் தொடர்ந்து பாடாததை இழப்பாகச் சிலர் எழுதுகிறார்கள். பின்னணிப் பாடகருக்கு நடிகரின் வாயசைவு வேண்டும். ஹனிபாவின் குரலுக்கு இன்னொரு முகம் பொருந்தியிருக்குமா என்பது ஐயமே. தமிழ்நாடு சட்டமன்ற மேலவை உறுப்பினராகவும் வக்பு வாரியத் தலைவராகவும் இருந்தார். கலைமாமணி விருது பெற்றார். பேரவைத் தேர்தலில் நின்றும் வெற்றி கிட்டவில்லை. 2015 ஏப்ரல் 8 அன்று சென்னையில் காலமாகி, நாகூரில் அடக்கம் செய்யப்பட்டார்.

அம்பாறைக் கரையோரத்தில் அவருடைய பாடல்கள் இப்போது நோன்புக்கால வானொலியிலும் கைபேசியிலும் கேட்கப்படுகின்றன. இளையோர் பலர் இசைக்கருவி இல்லாத நஷீத் பாடல்களுக்கு மாறியுள்ளனர். கல்முனைக்குடிக் கொடியேற்றம் தொடர்கிறது.