மாதிரியின் வரலாறு: ஆண் கருவளப் பரிசோதனையும் விந்து சேகரிப்பும்

ஆய்வுச் சுருக்கம்

விந்தணு 1677ஆம் ஆண்டிலேயே நுண்ணோக்கி வழியாகக் காணப்பட்டது. ஆயினும் பிள்ளைப்பேறின்மைக்காக மருத்துவரை நாடும் தம்பதியருள் ஆணையும் முறையாகப் பரிசோதிக்கும் வழக்கம் நிலைபெற ஏறத்தாழ இரண்டரை நூற்றாண்டுகள் ஆயின. கருவுறுதலில் விந்தணுவின் பங்கு நெடுங்காலம் தெளிவுபடாமல் இருந்தது இத்தாமதத்திற்கு ஒரு காரணம். விந்து மாதிரியை எவ்வழியில் பெறுவது என்னும் ஒழுக்கச் சிக்கல் மற்றொரு காரணம். இரண்டாவது காரணத்தை முதன்மைப்படுத்தும் இக்கட்டுரை, ஆணின் குறையைக் கண்டறியும் சுமையும் பெண்ணுடலின் மீதே ஏற்றப்பட்டதை மேலைநாட்டு மருத்துவ வரலாற்றுச் சான்றுகளின் வழி ஆராய்கின்றது.

திறவுச் சொற்கள்: விந்துப் பரிசோதனை, விந்து சேகரிப்பு, பிள்ளைப்பேறின்மை, கலவிக்குப் பிந்தைய பரிசோதனை, மருத்துவ வரலாறு

முன்னுரை

இன்று கருத்தரிப்புச் சிகிச்சைக்கு முன் ஆணிடம் செய்யப்படும் முதற்பரிசோதனை எளிமையானது. 2 முதல் 7 நாட்கள் வரை விந்து வெளியேறாதிருந்தபின், ஆய்வகத்தை அடுத்த தனியறையில், சுயஇன்பத்தின் வழி, அகன்ற வாயுடைய தூய கலனில் மாதிரி சேகரிக்கப்படுகின்றது. விந்தணுக்களின் எண்ணிக்கை, இயக்கம், வடிவம் ஆகியன ஒரு மணி நேரத்திற்குள் ஆராயத் தொடங்கப்படுகின்றன. முதலில் வெளிப்படும் பகுதியிலேயே விந்தணுக்கள் மிகுந்திருப்பதால், ஒரு பகுதி சிந்தினும் அதனைத் தெரிவிக்குமாறு அறிவுறுத்துவர்.

இம்முறையில் ஊசியோ மயக்க மருந்தோ இல்லை, வலியும் இல்லை. இத்துணை எளிய பரிசோதனை, இதனினும் கடுமையான பெண்களுக்குரிய பரிசோதனைகளுக்கும் அறுவைகளுக்கும் பிற்பட்டு வழக்கிற்கு வந்தது ஏன் என்பதே இக்கட்டுரையின் வினா.

லீவன்ஹூக்கின் தன்னிலை விளக்கம்

நெதர்லாந்தின் டெல்ஃப்ட் நகரத்து அந்தோனி வான் லீவன்ஹூக், 1677 நவம்பரில் இலண்டன் அரச கழகத் தலைவர் பிரௌங்கர் பிரபுவுக்கு ஒரு கடிதம் எழுதினார். யோகான் ஹாம் என்னும் மருத்துவ மாணவர், வெட்டை நோயுற்ற ஒருவரின் விந்தைத் தம்மிடம் கொணர்ந்ததையும், அதில் வாலுடைய நுண்ணுயிர்களைக் கண்டதையும் அதில் குறிப்பிட்டார். பின்னர்த் தம் விந்தையே, வெளிப்பட்டு நாடி ஆறு முறை துடிப்பதற்குள், அவர் ஆராய்ந்தார்.

அம்மாதிரி எவ்வாறு கிடைத்தது என்பதையும் அவர் விளக்க நேர்ந்தது. பாவச் செயலால் தம்மை மாசுபடுத்திப் பெற்றதன்று. மணவாழ்வின் இயல்பான உறவில் எஞ்சியதே அது என்றார். கடிதத்தை வெளியிடுவதா மறைப்பதா என்னும் முடிவையும் பிரபுவிடமே விட்டார். எனவே விந்தணு பற்றிய முதல் அறிவியல் அறிக்கையே மாதிரி பெறப்பட்ட வழிக்கான தன்னிலை விளக்கத்தையும் தாங்கி நிற்கின்றது. இவ்விளக்கம் தேவைப்பட்ட சூழலே அடுத்த இரு நூற்றாண்டுகளின் போக்கை வடிவமைத்தது எனலாம்.

அறிவுநிலைத் தடையும் உடனிருந்தது. இத்தாலியரான லாசரோ ஸ்பல்லன்சானி, ஆண் தவளைகளுக்குக் காற்சட்டை அணிவித்து, விந்து முட்டைகளைத் தொடாவிடில் கருவுறுதல் நிகழாது எனக் காட்டினார். ஆயினும் அதற்குக் காரணம் நுண்ணுயிர்களே என அவர் ஏற்கவில்லை. விந்தணுவின் கரு அண்டத்தின் கருவோடு இணைவதைக் கடல் முள்ளெலியில் ஆஸ்கர் ஹெர்ட்விக் 1876இல் விளக்கிய பின்னரே ஐயம் நீங்கலாயிற்று. ஆனால் அறிவுத்தடை நீங்கிய பின்னும் ஆண், பரிசோதனைக்கு எளிதில் உட்படவில்லை.

பெண்ணுடலில் தேடப்பட்ட விந்தணு

இலண்டன் அறுவை மருத்துவர் ஜான் ஹன்டர், சிறுநீர்த்துளை பிறழ்ந்தமைந்த ஒருவருக்கு, விந்தை வெதுவெதுப்பான பீச்சாங்குழலில் ஏந்தி மனைவியின் உடலுள் செலுத்துமாறு அறிவுறுத்தினார். மனைவி கருவுற்றார். இச்செய்தியை 1799இல் எவரார்ட் ஹோம் வெளியிட்டார். இங்குக் குறை ஆணுடையது என்பது கண்ணுக்குப் புலனானது. எனவே அதனை மறுக்க இடமில்லை. கண்ணுக்குப் புலப்படாத குறையே சிக்கலாயிற்று.

அமெரிக்க மருத்துவர் ஜே. மேரியன் சிம்ஸ் பிள்ளைப்பேறின்மையில் நுண்ணோக்கியைப் பயன்படுத்திய முன்னோடி. 1840களில் அலபாமாவில் அடிமைப் பெண்கள் மீது மயக்க மருந்தின்றித் தொடர் அறுவைகள் செய்தவரும் இவரே. கருப்பை அறுவை பற்றிய 1866ஆம் ஆண்டு நூலில், கலவிக்குப்பின் சிறிது நேரத்திற்குள் பெண்ணின் கருப்பைவாய்ச் சளியை எடுத்து அதில் உயிருள்ள விந்தணு உண்டா எனக் காணும் முறையை அவர் விளக்கினார். ஆறு பெண்களுக்கு 55 முறை செயற்கையாக விந்து செலுத்தியும், ஒருவர் மட்டுமே கருவுற்றார், அக்கருவும் கலைந்தது. மருத்துவ உலகின் கண்டனத்திற்கும் அவர் ஆளானார்.

சிம்ஸின் முறை ஒழுக்கச் சிக்கலை நயமாகக் கடந்தது. கணவன் கலனில் எதையும் தரவேண்டியதில்லை. மருத்துவர் முன் தோன்றவும் வேண்டியதில்லை. அவனது விந்து மனைவியின் உடலிலிருந்தே எடுக்கப்பட்டது. ஆணின் மாதிரிக்குப் பெண்ணுடலே கலனாயிற்று.

1884இல் ஃபிலடெல்ஃபியாவின் ஜெஃபர்சன் மருத்துவக் கல்லூரியில் நிகழ்ந்தது இதன் கொடிய வடிவம். பேராசிரியர் வில்லியம் பான்கோஸ்ட் ஒரு வணிகரின் மனைவியை முதலில் விரிவாகப் பரிசோதித்தார். அவரிடம் குறை காணப்படாத பின்னரே கணவரின் விந்து ஆராயப்பட்டது. அதில் விந்தணு இல்லை. பின்பு அப்பெண்ணுக்குக் குளோரோஃபார்ம் அளித்து, மாணவர் ஒருவரின் விந்தை அவர் உடலுள் செலுத்தினர். ஆண் குழந்தை பிறந்தது. கணவருக்குப் பின்னர் உண்மை கூறப்பட்டது, பெண்ணுக்குக் கூறப்படவேயில்லை. அங்கு மாணவராயிருந்த அடிசன் டேவிஸ் ஹார்ட் 1909இல் எழுதிய மடலால் இந்நிகழ்வு வெளிப்பட்டது. இங்குப் பரிசோதனையின் வரிசையும் உண்மையை அறியும் உரிமையும் ஒரே அளவுகோலால் பங்கிடப்பட்டிருப்பது கருதத்தக்கது.

இதற்கிடையில், ஆணிடம் மறைந்துறையும் வெட்டை நோயே மனைவியரின் மலட்டுத்தன்மைக்குப் பெருங்காரணம் என 1872இல் எமில் நோகராத் வாதிட்டார். நியூயார்க்கின் மாக்ஸ் ஹூனர் 1913இல் வெளியிட்ட நூலின் தலைப்பே ஆண், பெண் இருவரின் மலட்டுத்தன்மையையும் ஒருங்கே சுட்டியது. எனினும் அவர் செம்மைப்படுத்திப் பரப்பியது சிம்ஸின் கலவிக்குப் பிந்தைய பரிசோதனையையே. சிம்ஸ் - ஹூனர் பரிசோதனை என்னும் பெயரால் அது இருபதாம் நூற்றாண்டின் பெரும்பகுதியும் வழங்கிற்று.

1929: எண்ணும் தடையும்

1929ஆம் ஆண்டில் ஒன்றுக்கொன்று முரணான இரு நிகழ்வுகள் நேர்ந்தன. பாஸ்டனைச் சேர்ந்த டொனால்ட் மக்கோம்பரும் மோரிஸ் சாண்டர்ஸும், இரத்த அணுக்களை எண்ணும் கண்ணாடிக் கட்டத்தில் 294 விந்து மாதிரிகளை எண்ணி, மில்லிலிட்டருக்கு 6 கோடிக்குக் கீழ் விந்தணு உள்ளபோது கருத்தரிப்பு அரிது என அறிவித்தனர். ‘உண்டா, இல்லையா’ என்றிருந்த வினா ‘எத்துணை’ என்றாயிற்று. இவ்வினாவுக்குப் பெண்ணுடலிலிருந்து எடுத்த சளி விடை தராது. முழுமையாகச் சேகரித்த மாதிரி இன்றியமையாதது.

அவ்வாண்டு ஆகஸ்டில் ரோமின் திருச்சபைப் புனிதப் பேராயம், நோயைக் கண்டறிந்து குணப்படுத்தும் பொருட்டாயினும் சுயஇன்பத்தால் விந்து பெறுதல் தகாது என விடையளித்தது. 1956இல் நேப்பிள்ஸ் நகரில் கூடிய கருவள மாநாட்டினரிடம் பன்னிரண்டாம் பத்திநாதர் இதனையே வலியுறுத்தினார். எனவே கத்தோலிக்க மருத்துவர்கள் மாற்று வழிகளைத் தேடினர்: துளையிட்ட ஆணுறையுடன் கலவி, கலவிக்குப்பின் மனைவியின் உடலிலிருந்து சேகரித்தல், விரையிலிருந்து ஊசியால் எடுத்தல். வலியற்ற வழி பாவமாகவும் வலியுள்ள வழி ஏற்புடையதாகவும் கருதப்பட்ட முரண் இது.

எல்லை மதிப்பும் அதன் பொருளும்

கார்னெல் பல்கலைக்கழகத்தின் ஜான் மக்லவுடும் ரூத் கோல்டும் தந்தையாகவிருந்த 1,000 ஆண்களின் மாதிரிகளைக் குழந்தையில்லாத் திருமணங்களைச் சேர்ந்த 1,000 ஆண்களின் மாதிரிகளோடு 1951இல் ஒப்பிட்டனர். எல்லை 6 கோடியிலிருந்து 2 கோடியாகத் தாழ்ந்தது. உலக சுகாதார நிறுவனம் 1980இல் தன் முதல் ஆய்வகக் கையேட்டை வெளியிட்டது. 2010ஆம் ஆண்டுப் பதிப்பில் கீழெல்லை 1.5 கோடியாகவும், 2021ஆம் ஆண்டுப் பதிப்பில் 1.6 கோடியாகவும் குறிக்கப்பட்டது.

இவ்வெண்கள் ஆண்மையின் அளவு அல்ல. ஓராண்டிற்குள் மனைவியர் கருவுற்ற ஆண்களின் அளவுகளை ஏறுவரிசையில் அடுக்கினால், அடியிலுள்ள 100க்கு 5 பேரைப் பிரிக்கும் புள்ளியே கீழெல்லை. அதாவது, தந்தையானோருள்ளேயே 100க்கு 5 பேர் அதற்குக் கீழ் உள்ளனர். 2010ஆம் ஆண்டு மதிப்புகளுக்கு அடிப்படையான ஆண்கள் ஐரோப்பா, வட அமெரிக்கா, ஆஸ்திரேலியா ஆகிய கண்டங்களைச் சேர்ந்தோர். ஆசியர் அதில் இடம்பெறவில்லை. எனினும் தமிழகத்து ஆய்வக அறிக்கைகளிலும் அவ்வெண்களே அச்சிடப்பட்டன. ஒரே மாதிரியை, அதுவும் ஒரே எண்ணைக் கொண்டு ஒருவரைத் தீர்ப்பிடுவது இவ்வரலாற்றை அறியாமையின் விளைவாகும்.

சிகிச்சையின் திசை

1978இல் சோதனைக்குழாய் முறையில் முதற்குழந்தை பிறந்தபின், கலனில் சேகரித்த மாதிரி பரிசோதனைப் பொருள் என்பதோடு சிகிச்சைப் பொருளாகவும் ஆயிற்று. 1992இல் பிரஸ்ஸல்ஸ் மருத்துவக் குழுவினர், ஒரே விந்தணுவை அண்டத்தினுள் செலுத்திக் கருவுறச் செய்யும் முறையின் வெற்றியை அறிவித்தனர். மிகக் குறைந்த விந்தணு உடையோரும் தந்தையாக இயன்றது. ஆனால் இம்முறையில் குறை ஆணுடையதாயினும், இயக்குநீர் ஊசிகளையும் அண்டம் எடுக்கும் சிகிச்சையையும் ஏற்பது பெண்ணே. கணவனின் குறை மனைவியின் உடல்வழியே தீர்க்கப்படுகின்றது.

முடிவுரை

மேற்கண்டவற்றால் மூன்று செய்திகள் பெறப்படுகின்றன. முதலாவது, ஆண் கருவளப் பரிசோதனையின் வளர்ச்சியை நுண்ணோக்கியின் திறன் மட்டும் தீர்மானிக்கவில்லை. மாதிரி பெறும் வழியைப் பற்றிய ஒழுக்க நோக்கும் தீர்மானித்தது. இரண்டாவது, அந்நோக்கு ஆணின் நாணத்தைக் காத்து, அதன் விலையைப் பெண்ணுடலில் வாங்கிற்று. மூன்றாவது, எண்ணிக்கை முறை ஆணைப் பரிசோதனைக்கு உட்படுத்தியதேயன்றி, சிகிச்சையின் சுமையை இடம்மாற்றவில்லை.

தமிழில் ‘மலடி’ என்னும் சொல் பழிச்சொல்லாக வழங்கிய அளவிற்கு ‘மலடன்’ என்பது வழங்கவில்லை. அவ்வழக்கின் பின்னுள்ள சமூக வரலாறு தனித்து ஆராயத்தக்கது. எனினும் தம்பதியர் மருத்துவமனைக்கு வரும் முதல் நாளிலேயே கணவனின் கையிலும் ஒரு கலன் தரப்படுமாயின், அது மருத்துவ ஒழுங்கு மட்டுமன்று; நெடுநாள் நிலவிய ஓர் அநீதியின் திருத்தமுமாகும்.