மூவாயிரம் உடல்கள் சொன்ன கணக்கு

நம்மூரில் போஸ்ட்மார்ட்டம் என்றாலே போலீஸ் கேஸ்தான் ஞாபகம் வரும். அதற்கு இன்னொரு பயன் உண்டு. ஆஸ்பத்திரிப் படுக்கையில் நோயால் இறந்தவருக்கு டாக்டர் சொன்ன நோய் சரிதானா என்று திறந்து பார்ப்பது.

இந்த ஒப்பீட்டுக்குப் பிள்ளையார் சுழி போட்டவர் என்று படுவா பல்கலைக்கழகப் பேராசிரியர் மோர்கான்யியைச் சொல்லலாம். 1761இல், 79 வயதில், சுமார் 700 நோயாளிகளின் விவரத்தை நூலாக வெளியிட்டார். உயிரோடிருந்தபோது தெரிந்த அறிகுறிகளையும், இறந்தபின் உறுப்புகளில் கண்டதையும் சேர்த்து வைத்துப் பார்த்தார். ஆனால் அவர் கேள்வி, நோய் உடலில் எங்கே குடியிருக்கிறது என்பதுதான். டாக்டர்கள் எத்தனை முறை தப்பாகச் சொல்கிறார்கள் என்று எண்ணவில்லை.

அதை எண்ணியவர் பாஸ்டனைச் சேர்ந்த ரிச்சர்ட் கேபட். தான் வேலை பார்த்த மாசசூசெட்ஸ் பொது மருத்துவமனையின் 3,000 பிணக்கூராய்வுகளை எடுத்துக்கொண்டு 1912இல் முடிவை வெளியிட்டார். சர்க்கரை நோயை 95 சதவீதம், டைபாய்டை 92 சதவீதம் சரியாகக் கண்டுபிடித்திருந்தார்கள். இதய உறை அழற்சியில் அது 20, திடீர் சிறுநீரக அழற்சியில் வெறும் 16. அதாவது ஆறு பேரில் ஐந்து பேருக்கு நோய் பிடிபடவே இல்லை! சொந்த ஆஸ்பத்திரியின் தவறுகளை இப்படி அச்சில் போட்டால் சக டாக்டர்கள் சும்மா இருப்பார்களா? முகம் சுளித்தவர்கள் நிறைய.

கேபட் அதோடு விடவில்லை. ஒரு டாக்டரிடம் நோயாளியின் விவரங்களை மட்டும் கொடுப்பார்கள். எல்லார் முன்னாலும் அவர் யோசித்து நோயைச் சொல்ல வேண்டும். பிறகு நோயியல் வல்லுநர் எழுந்து உடலில் கண்டதைச் சொல்வார். இந்தப் பாடமுறை 1920களில் பாஸ்டன் மருத்துவ இதழில் தொடராக வர ஆரம்பித்தது. அந்த இதழ்தான் இன்றைய நியூ இங்கிலாந்து மருத்துவ இதழ். தொடரும் நிற்கவில்லை.

இப்போதுதான் ஸ்கேன் வந்துவிட்டதே என்று தோன்றும். 1983இல் கோல்ட்மனும் அவர் குழுவும் அதே பாஸ்டனில் 1960, 1970, 1980 ஆகிய மூன்று ஆண்டுகளிலிருந்தும் நூறு நூறு பிணக்கூராய்வுகளை ஒப்பிட்டார்கள். தெரிந்திருந்தால் சிகிச்சையை மாற்றி ஆயுளை நீட்டித்திருக்கக்கூடிய நோய் தவறிப்போனது, மூன்று காலத்திலும் சுமார் 10 சதவீதம். கருவிகள் மாறியும் கணக்கு மாறவில்லை. தவறவிட்ட நோய்கள்தான் மாறின: சிறுநீரக நோய்கள் குறைந்தன, உடல் முழுக்கப் பரவும் தொற்றுகள் கூடின.

ஒரு எச்சரிக்கையும் வேண்டும். சந்தேகமான கேஸ்களைத்தான் அதிகம் திறந்து பார்ப்பார்கள். ஆகவே இந்தச் சதவீதங்களை எல்லா நோயாளிகளுக்கும் பொருத்திவிடக் கூடாது.

இதற்கிடையே, குறைந்தபட்ச அளவிலாவது பிணக்கூராய்வு நடக்க வேண்டும் என்ற நிபந்தனையை அமெரிக்காவின் மருத்துவமனை அங்கீகார அமைப்பு 1970களின் தொடக்கத்தில் கைவிட்டது. எண்ணிக்கை சரிந்தது. திறந்து பார்க்காத இடத்தில், டாக்டர் கடைசியாக நினைத்ததே இறப்புச் சான்றிதழில் ஏறுகிறது. அந்தச் சான்றிதழ்களைக் கூட்டித்தான் எந்த நோயால் எத்தனை பேர் இறந்தார்கள் என்று நாம் கணக்குச் சொல்கிறோம்.